காய் எப்படி, பாப்பா எப்படி

என் தங்கை ரூபினா அந்த வருடம் முப்பத்தொரு ஆட்டம் ஜெயித்தாள், பத்தொன்பது தோற்றாள். இதைச் சொன்னால் போடியில் யாரும், "அப்ப நல்ல வருசந்தானே?" என்றுதான் கேட்பார்கள். நல்ல வருடம்தான். தோற்ற பத்தொன்பதும் எங்களை ஒன்றும் செய்யவில்லை. ஜெயித்த ஓர் ஆட்டம்தான் எங்கள் வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. இன்னும் எழுந்து போகவில்லை.

நான் மதீனா, ரூபினாவின் அக்கா. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஆன்லைன் சேவைக் கடை வைத்திருக்கிறேன். பட்டா மாறுதல், சாதிச் சான்று, ரயில் டிக்கெட், பரீட்சை விண்ணப்பம் என்று ஊரில் பாதிப் பேருடைய காரியங்கள் என் விரல் வழியாகத்தான் போகும். யார் வந்து நின்றாலும் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டுக்கொண்டு மற்றதையெல்லாம் நானே நிரப்பிவிடுவேன். 'படித்தேன், புரிந்துகொண்டேன், சம்மதிக்கிறேன்' என்று கடைசியில் ஒரு கட்டம் வரும். அதை எத்தனை ஆயிரம் பேருக்காகத் தட்டியிருப்பேனோ தெரியாது. அவர்களும் படித்ததில்லை, நானும் படித்ததில்லை. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் வரும்.

ரூபினாவுக்கு இருபத்து நான்கு வயது. டென்னிஸ்தான் அவள் தொழில். உடனே டிவியில் வரும் டென்னிஸை நினைத்துவிடாதீர்கள். உலக வரிசையில் நானூற்றுச் சொச்சத்தில் இருப்பவர்கள் ஆடும் ஆட்டத்துக்குக் கேமரா கிடையாது, கூட்டமும் கிடையாது. சோலாப்பூர், பெங்களூரு, தாய்லாந்து, துனிசியா என்று வாரத்துக்கு ஓர் ஊராகப் பெட்டியை இழுத்துக்கொண்டு போவாள். நாங்கள் போடியில் உட்கார்ந்து போனில் ஸ்கோரைப் பார்ப்போம். முகம் தெரியாது, குரல் கேட்காது. பதினைந்து, முப்பது, நாற்பது என்று எண்கள் மட்டும் மாறும். சில சமயம் ஓர் எண் மாறாமல் இரண்டு நிமிடம் அப்படியே நிற்கும். விழுந்துவிட்டாளா, தண்ணீர் குடிக்கிறாளா, நடுவரோடு சண்டையா, ஒன்றும் புரியாது. எங்கள் அம்மா ரமீஸா அதற்குள் ஸலவாத்து ஓத ஆரம்பித்துவிடுவாள்.

எங்கள் அத்தா அப்துல் ஹமீது ஏலக்காய் ஏஜெண்ட். எங்கள் ஊரில் ஏலக்காய்க்கும் ஏலம் என்றுதான் பெயர், அதை விற்பதற்கும் ஏலம் என்றுதான் பெயர். வடக்கே இருக்கும் வியாபாரிகள் ஒவ்வொரு ஏலத்துக்கும் போடிக்கு வந்து உட்கார முடியாது. அவர்களுக்குப் பதிலாக அத்தா ஏல மையத்தில் உட்கார்வார். சாம்பிளைக் கையில் அள்ளி உரசுவார், மோந்து பார்ப்பார், ஒரு காயைப் பல்லால் உடைப்பார். பிறகு போனில் சொல்வார்: "நிறம் நல்லாருக்கு. ஆனா ஈரம் இருக்கு. பத்துக்கு ரெண்டு வெடிச்ச காய்." அவர் வாயை நம்பி, கண்ணால் பார்க்காத சரக்கை எங்கேயோ இருப்பவன் வாங்குவான். முப்பது வருடத்தில், ஏலத்துக்கு வரும் ஒரு லாட் சரக்கின் குறையைக்கூட அவர் மறைத்தது கிடையாது. அம்மாவின் சொந்தத் தம்பி கொண்டுவந்த காயையே, "புகை வாடை அடிக்குது" என்று வாங்குபவனிடம் சொல்லிவிட்டார். மாமா ஒரு வருடம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அதற்காக அத்தா ஒரு நாள்கூட வருந்தியதில்லை. பார்த்தவன் பார்க்காதவனுக்கு உள்ளதைச் சொல்ல வேண்டும், தொழிலும் அதுதான், தீன் என்கிற மார்க்கமும் அதுதான் என்பார்.

விலை எல்லை மீறிப் போனால் போனில் ஒரே ஒரு வார்த்தை சொல்வார்: "விட்ருங்க." இதைப் பிடித்துத் தொங்க வேண்டாம், அடுத்த லாட் வரும் என்று அர்த்தம். அந்த வார்த்தை எங்கள் வீட்டுப் பேச்சிலும் ஒட்டிக்கொண்டது. பஸ் போய்விட்டதா, விட்ரு. குழம்பில் உப்புக் கூடிவிட்டதா, விட்ரு. எனக்குப் பேசிய வரன் தட்டிப்போனபோதும் அத்தா என் தலையில் கை வைத்து, "விட்ருத்தா" என்றுதான் சொன்னார். அழுகையை நிறுத்த அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

முந்தைய வருடக் கடைசியில் பிரபாகரன் என்று ஒருவர் அத்தாவுக்குப் போன் செய்தார். சூரத்தில் வியாபாரமாம், பூர்வீகம் நம்ம பக்கமாம். இரண்டு சின்ன லாட் வாங்கினார், எல்லாம் ஒழுங்காக முடிந்தது. வாய் நிறைய அண்ணே, அண்ணே என்பார். அதற்குப் பிறகு வாங்கியது குறைவு, பேசியது அதிகம். "காய் எப்படிண்ணே?" என்று ஆரம்பிப்பார். அடுத்த கேள்வி, "பாப்பா எப்படிண்ணே? பேப்பர்ல பேரு பார்த்தேன்" என்று வரும்.

அத்தா பூரித்துப் போனார். போகட்டும், அவரைக் குறை சொல்ல முடியாது. ரூபினாவைப் பற்றி எங்கள் ஊரில் யார் கேட்டாலும் கல்யாணம் எப்போது என்றுதான் கேட்பார்கள். இந்த மனிதர் அவளுடைய சர்வ் முன்னைவிட வேகமா என்று கேட்டார். அந்த ஆளை நாங்கள் இன்றுவரை பார்த்ததில்லை.

பிப்ரவரியில் ரூபினா பத்து நாள் ஊரில் இருந்தாள். விடிந்ததும் போடிமெட்டுச் சாலையில் ஓடுவாள். கோச் கன்னையன் சார் டூவீலரில் பின்னாலேயே வருவார். பள்ளிக்கூடத்தில் பி.டி. வேலையை விட்டுவிட்டு எட்டு வருடமாக இவளோடு ஊர் ஊராக அலைகிற மனிதர். அன்றைக்குப் பனிமூட்டம். மலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஒன்று ஐந்தாவது வளைவில் ஹாரன்கூட அடிக்காமல் திரும்பியது. ரூபினா ஓரமாகத் தாவியபோது இடது கால் சறுக்கி இடுப்புக்குள் ஏதோ பிசகியது. மதுரையில் ஸ்கேன் எடுத்தோம். மூட்டைச் சுற்றியிருக்கும் சவ்வில் கிழிசல், மூன்று மாதம் ஆடக்கூடாது என்றார் டாக்டர்.

அவள் கேட்கவில்லை. நவம்பரில் சென்னையில் பெரிய போட்டி. டிவியில் வரும் போட்டி. அதன் பட்டியலில் பெயர் வர வேண்டுமானால் அதுவரை ஜெயித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்பது வயதிலிருந்து அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான். அன்று மாலை எங்கள் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னாள்.

"இந்த இடுப்பு விசயம் நமக்குள்ளயே இருக்கட்டும். எதிராளிக்குத் தெரிஞ்சா இடது பக்கமே போட்டு ஓடவிட்டு முடிச்சிருவா."

"எதிராளிக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதானேத்தா?" என்றார் அத்தா.

"ஆமாத்தா."

அந்த இரண்டு வரியை நான் எத்தனையோ முறை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். அவள் ஒன்று சொன்னாள், அவர் வேறொன்று வாங்கிக்கொண்டார். நான் நடுவில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன்.

மார்ச்சில் தாய்லாந்து. மூன்று சுற்று ஜெயித்துக் காலிறுதிக்கு வந்துவிட்டாள். முதல் நாள் சாயங்காலம் அத்தா போனில் அவளுக்கு யோசனை சொன்னார்.

"முதல் செட்டை விட்ருத்தா. இழுத்துப் பிடிக்காத. அவ ஓடிக் களைக்கட்டும். இடுப்பு நல்லாச் சூடேறுனதும் ரெண்டாவது செட்ல அடி."

ரூபினா சிரித்தாள். "அத்தா கோச் ஆயிட்டாரு சார்" என்று கன்னையன் சாரிடம் சொல்வது எனக்குக் கேட்டது. ஆனால் மறுநாள் அவள் ஆடியது கிட்டத்தட்ட அப்படித்தான். முதல் செட் இரண்டுக்கு ஆறு, போனது. அடுத்தது ஆறு நான்கு, அதற்கடுத்தது ஆறு மூன்று. ஜெயித்துவிட்டாள். அவள் ஆடிய ஆட்டங்களிலேயே பெரிய ஆட்டம் அது. அத்தா ஏல மையத்தில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, "யோசனை யாரு குடுத்தது?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். வீட்டுக்கு வந்தும் அதே பேச்சு. "பிரபாகரன் தம்பிதான் நம்மள விட சந்தோசப்பட்டாரு. தழுதழுத்துப் போனாருன்னா பாரேன்" என்றார். நாங்களும் சிரித்தோம்.

ஏப்ரலில் மெசேஜ்கள் கூடின. டென்னிஸ் ஆடுகிற பெண்கள் எல்லாருக்கும் வருவதுதான். உலகத்தின் ஏதோ மூலையில் இவர்கள்மேல் பந்தயம் கட்டித் தோற்றவர்கள் வாய்க்கு வந்தபடி எழுதுவார்கள். அவள் ஜெயித்தால் எதிர்ப்பக்கம் கட்டியவன் திட்டுவான், தோற்றால் இவள் பக்கம் கட்டியவன் திட்டுவான். செத்துப்போ, காலை உடைப்பேன் என்று எல்லா மொழியிலும் வரும். ரூபினா தினமும் பல் விளக்குவதுபோல அவற்றை அழித்துவிட்டு வெளியே போவாள்.

மே மாதம் துனிசியாவில், ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாக ஒன்று வந்தது. தமிழில்.

'இடது இடுப்பு இன்னைக்கு எத்தனை கேம் தாங்கும், போடிப் பொண்ணே?'

அன்று ஆறு ஒன்று, ஆறு பூஜ்யம் என்று தோற்றாள். ஆட்டம் முடிந்து எனக்குப் போன் செய்தாள். அவள் குரல் எனக்கு அடையாளமே தெரியவில்லை.

"அக்கா, யாரோ என்னைத் தொட்டுப் பார்த்துட்டுப் போன மாதிரி இருக்கு."

 தமிழ் தெரிந்தவன். இடுப்பு தெரிந்தவன். அதுவும் இடது பக்கம் என்று தெரிந்தவன். ஜூன் மாதம் அவள் வந்ததும் அக்காவும் தங்கையும் உட்கார்ந்து யோசித்தோம். வெளியூரில் அவளோடு இருப்பவர் ஒரே ஒருவர். ஐஸ் வைப்பவர், மாத்திரை எடுத்துத் தருபவர், மற்ற கோச்சுகளோடு டீ குடிப்பவர். அவள் தயங்கினாள், நான்தான் கொளுத்திப் போட்டேன். "வேற யாருடி இருக்கா?" என்று கேட்டேன். என் வாய்க்கு அன்றைக்கே ஒரு பூட்டுப் போட்டிருக்க வேண்டும்.

கன்னையன் சாரை என் கடைக்கே வரச் சொல்லிக் கேட்டோம். அவர் சத்தம் போடவில்லை, சத்தியமும் செய்யவில்லை. ராக்கெட் பையை மேசைமேல் வைத்தார்.

"சரிம்மா, நான் வர்றேன். ஆனா தினமும் ஐஸ் வைக்கிறத மட்டும் விட்ராத" என்றார்.

அப்படியே சிலமலை பஸ்சைப் பிடித்து ஊருக்குப் போய்விட்டார். ஜூலையில் ரூபினா தனியாகப் போனாள். ஐந்து வாரம், ஐந்து தோல்வி. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் தமிழ் மெசேஜ் வந்தது. முதல் நாள் ஊசி போட்டால் ஊசியைப் பற்றி வந்தது. தூங்கவில்லை என்றால் தூக்கத்தைப் பற்றி வந்தது. சார் போய்விட்டார், ரகசியம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

அப்போதுதான் அவள் ஒரு வேலை செய்தாள். ஆகஸ்டில் பெங்களூரில் முதல் சுற்று. இடுப்பு அந்த வாரம் கொஞ்சம் தேவலை. முதல் நாள் எனக்குப் போன் செய்து, "அக்கா, காய்ச்சல் நூத்திரண்டு" என்றாள். சிலமலைக்குப் போன் செய்து சாரிடம், மணிக்கட்டு வீங்கிவிட்டது, என்ன செய்வது என்று கேட்டாள். அத்தாவிடம், வலது தோள்பட்டையைத் தூக்கவே முடியவில்லை என்றாள். அம்மாவிடம் எப்போதும்போல நல்லாயிருக்கேன் என்றாள்.

மறுநாள் ஆறு இரண்டு, ஆறு ஒன்று என்று ஜெயித்தாள். காய்ச்சலோடு எப்படி ஆடினாள் என்று நான் கடையில் வாய் பிளந்து நின்றபோது போன் வந்தது.

"அக்கா, எனக்குக் காய்ச்சல் இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ், எறங்கிருச்சா?"

"வரவே இல்ல. பொய் சொன்னேன். ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்ணு சொன்னேன், எது வெளிய போகுதுன்னு பார்க்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்னையுமாடி சோதிச்சே?"

"உன்னையுந்தான். மெசேஜ் வந்திருச்சு. படிக்கிறேன் கேளு. 'தோள்பட்டைன்னு பொய்யா சொன்ன? உன் வீட்டுத் தெரு எனக்குத் தெரியும்.'"

"தோள்பட்டைன்னு யார்கிட்ட சொன்ன?"

அவள் போனை வைத்துவிட்டாள். நானே புரிந்துகொண்டேன். கடையில் பட்டாவுக்காக நின்றுகொண்டிருந்த பேச்சி அக்கா, "என்னாத்தா, யாருக்கு என்ன?" என்று கேட்டாள். ஷட்டரை இழுத்துவிட்டு ஏல மையத்துக்கு நடந்தேன்.

ஏலம் முடிந்து ஆட்கள் கலைந்திருந்தார்கள். தரை முழுக்கப் பார்த்துவிட்டுப் போட்ட சாம்பிள் காய்கள், கால் வைத்தால் நொறுங்கின. அத்தா ஓரமாக ஒரு நாற்காலியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் ஜெயித்த நாளில் அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

"உன் தங்கச்சி எங்கிட்டப் பொய் சொல்லிட்டாத்தா" என்றார்.

"என்ன பொய்?"

"தோள்பட்டை தூக்க முடியலேன்னா. நானும் அப்படியே சொன்னேன். அங்க பார்த்தா அடிச்சுத் துவைச்சிருக்கா. பிரபாகரன் தம்பி கேக்குறாரு, என்னண்ணே இப்படிச் சொல்லிட்டீங்கன்னு. முப்பது வருசத்துல எவனும் என்னை அப்படிக் கேட்டதில்ல. என் வாக்குல மண்ணைப் போட்டுட்டா."

நான் அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "எத்தன நாளா சொல்றீங்க?"

"அவரு கேப்பாரு, சொல்வேன். காயைச் சொல்றேன்ல, அது மாதிரிதான். நல்லாருந்தா நல்லாருக்கும்பேன், வலின்னா வலிம்பேன். கொறையிருக்கும்போது இல்லேன்னு சொல்லவா?"

"இடுப்பையும் சொன்னீங்களா?"

"எதிராளிக்குத்தானே சொல்லக்கூடாதுன்னா? அவரு எதிராளியா?"

பந்தயம் என்றால் என்ன, அந்த ஆள் அவர் சொன்னதை வைத்து எப்படிப் பணம் கட்டினான், அவள் தோற்கட்டும் என்று எப்படி மெசேஜில் மிரட்டினான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, "சூதாட்டமா?" என்று மட்டும் கேட்டார். எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டுகூட நுழைந்ததில்லை. கையிலிருந்த காய்களைத் தட்டில் திரும்பப் போட்டார். அந்த நம்பருக்கு அழைத்தார். அணைத்து வைத்திருந்தது. திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டே இருந்தார், நான் போனைப் பிடுங்கும் வரைக்கும்.

ரூபினா ஊருக்கு வந்ததும் அன்றே சொன்னாள், இதை டென்னிஸ் விசாரணை அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் அதுவே குற்றமாம். அம்மா அழுதாள். "பெத்தவரைக் காட்டிக் குடுப்பியாத்தா?" என்றாள். நானும், "விட்ருடி, நம்பர மாத்திட்டுப் பேசாம இருப்போம்" என்றேன். ரூபினா எங்கள் இருவரையும் விட்டுவிட்டு அத்தாவைப் பார்த்தாள்.

"சொல்லிரு" என்றார் அத்தா. "மறைச்சா நாளைக்கு இன்னும் பெருசா வரும்."

அந்த அமைப்பினர் ஏற்கெனவே எங்களைத் தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அவள் எழுதிய மெயிலுக்கு இரண்டே மணி நேரத்தில் பதில் வந்தது. மார்ச்சிலிருந்து அவள் ஆட்டங்கள் சிலவற்றில் பந்தயம் வழக்கத்துக்கு மாறாக இருந்ததாம். குடும்பத்தாரையும் விசாரிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மாத் தொழுகை முடிந்த பிறகு, என் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வீடியோவில் உட்கார்ந்தோம். வெளியே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது, மின்சாரம் போய்விடுமோ என்று எனக்கு ஒரே பதைப்பு. திரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, பக்கத்துக் கட்டத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண். முதல் கேள்வியே என் தலையில் விழுந்தது. தகவல்களை வெளியாருக்குச் சொல்லக்கூடாது, வீட்டாருக்கும் அதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று ஜனவரியில் ஓர் ஆன்லைன் பாடம் இருந்ததே, அதைப் படித்தீர்களா என்று ரூபினாவிடம் கேட்டார்கள்.

"எங்க அக்கா முடிச்சுக் குடுத்தா" என்றாள் அவள்.

ஆமாம், நான்தான். ஒரு பட்டா விண்ணப்பத்துக்கும் ஒரு ரயில் டிக்கெட்டுக்கும் நடுவில், ஒரு பக்கம்கூடப் படிக்காமல் தட்டித் தட்டி முடித்திருந்தேன். கடைசிக் கட்டத்தில் படித்தேன், புரிந்துகொண்டேன் என்று டிக் அடித்ததும் நான்தான். அத்தா மட்டுமே இதைச் செய்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அடுத்து அத்தாவின் முறை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், ஆமா, இல்லை, அவ்வளவுதான் என்று இரண்டு நாளாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர், முதல் கேள்விக்கே தேதிவாரியாக ஆரம்பித்தார். என்றைக்குப் போன் வந்தது, என்ன கேட்டார், என்ன சொன்னேன். எதிரே இருப்பவர் பார்க்காதவர், இவர் பார்த்தவர். எல்லாக் குறையையும் சொல்லி முடிக்காமல் அவருக்கு நிறுத்தத் தெரியாது.

"மார்ச் மாசம் காலிறுதிக்கு முந்துன நாளும் கூப்பிட்டாரு. பாப்பாவுக்கு இடுப்பு சரியில்லேன்னா முதல் செட்டை விட்ரச் சொல்லுங்கண்ணே, அப்புறம் ஜெயிச்சுக்கலாம்னாரு. நல்ல யோசனையாத் தெரிஞ்சுச்சு."

ரூபினா மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள். எனக்கும் அது புதிது. ஊரெல்லாம் டீ வாங்கிக் கொடுத்து, யோசனை யாரு குடுத்தது என்று கேட்டாரே, அந்த யோசனை. ஆட்டத்தை யார் ஜெயித்தாலும், முதல் செட் யாருக்கு என்று தனியாகவே பந்தயம் கட்டுவார்கள். மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். காலை உள்ளே இழுத்துக்கொண்டு தொடர்ந்து பேசினார்.

"நானும் எம்மகள்ட்ட அப்படியே சொன்னேன். முதல் செட்டை விட்ருத்தான்னு."

மொழிபெயர்க்கும் பெண் தயங்கினாள். பேச்சை வைத்துப் பார்த்தால் நெல்லைப் பக்கம் போலிருந்தது. "ஐயா, விட்ருன்னா எந்த அர்த்தத்துல சொன்னீங்க?" என்று கேட்டாள். பாவம், அவள் ஒரு வழி திறந்து கொடுத்தாள். இழுத்துக்கொண்டு கிடக்காதே, மனசை வருத்திக்கொள்ளாதே, அடுத்ததைப் பார் என்று எத்தனையோ அர்த்தம் இருக்கிறது. என் தலையில் கை வைத்துச் சொன்னாரே, அந்த அர்த்தமும் இருக்கிறது.

"விட்ருன்னா விட்ரதுதாம்மா" என்றார் அத்தா.

அது ஆங்கிலத்தில் ஒரே அர்த்தத்தோடு போய்ச் சேர்ந்தது. வேண்டுமென்றே தோற்பது. வெள்ளைக்காரப் பெண்மணி குனிந்து எதையோ எழுதிக்கொண்டார். பிறகு, அப்பா சொன்னபடி மகள் முதல் செட்டை விட்டாரா என்று கேட்டார்.

"எட்டாத பந்துக்கு ஓடலே, அவ்வளவுதான்" என்று ரூபினா சொல்ல வாயெடுத்தாள். கேள்வி அப்பாவுக்கு என்று தடுத்துவிட்டார்கள்.

"ஆமா, விட்டா" என்றார் அத்தா. அவர் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது. "ஆறுக்கு ரெண்டு. அதுக்கப்புறந்தான் அடிச்சா."

ரூபினா அழவில்லை, கோபப்படவும் இல்லை. அத்தாவின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியிருந்தது, அதைச் சரிசெய்துவிட்டாள். அவளுடைய பெரிய வெற்றி கையைவிட்டுப் போனதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வீடியோ அணைந்த பிறகு அத்தா என்னைப் பார்த்து, "எல்லாம் சரியாத்தானே சொன்னேன்?" என்று கேட்டார். சரியாகத்தான் சொன்னார். எதைத் தவறு என்று நான் காட்டுவது?

பதினாறு நாள் கழித்துக் கடிதம் வந்தது. விசாரணை முடியும்வரை எந்தப் போட்டியிலும் ஆடக்கூடாது, போட்டி நடக்கும் இடத்துக்குள் நுழையவும் கூடாது. எப்போது முடியும் என்று போடவில்லை. கீழே, படித்தேன், பெற்றுக்கொண்டேன் என்று ஒரு கட்டம். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கட்டத்தைத் தட்டுவதற்கு முன் முழுவதையும் மூன்று தடவை படித்தேன். சென்னைப் போட்டியின் பட்டியல் அடுத்த வாரம் வெளியானது. அவளுடைய வரிசைக்கு இடம் கிடைத்திருக்கும். அவளுக்குக் கீழே இருந்த பெண்ணின் பெயர் வந்திருந்தது.

ரூபினா ஒரு நாள் சிலமலைக்குப் போய்க் கன்னையன் சாரிடம் மன்னிப்புக் கேட்டாள். சார் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாராம். திரும்பி வருவதைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. நான் இன்னும் போகவில்லை. போக வேண்டும்.

அத்தா ஏல மையத்துக்குப் போகிறார், வருகிறார். தெரியாத நம்பர் வந்தால் போனை மேசைமேல் கவிழ்த்துவைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஒருநாள் நான் எடுத்தேன். "காய் எப்படிண்ணே?" என்றது ஒரு குரல். அவன்தானா, வேறு வியாபாரியா, எனக்குத் தெரியவில்லை. யாரு பேசுறது என்று கேட்டேன்.  அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். எங்கள் தெருவில் முன்பின் தெரியாத முகம் வந்தால் அம்மா இப்போது கதவைச் சாத்திவிடுகிறாள்.

ஆட முடியாவிட்டாலும் ரூபினா காலையில் மலைச்சாலையில் ஓடுவதை நிறுத்தவில்லை. அக்டோபரில் ஒரு நாள் அத்தாவும் நானும் மலையடிவாரத்து முந்தலில் ஜீப்பிலிருந்து இறங்கி அவளுக்காக நின்றோம். மழை விட்டிருந்தது. கடைசி வளைவைத் தாண்டி அவள் இறங்கி வருவது தெரிந்தது. இடது காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து வந்தாள். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்து நேராக நடக்க ஆரம்பித்தாள். நாலு அடிதான், அதற்குமேல் முடியவில்லை.

"இடுப்பு எப்படித்தா இருக்கு?" என்று கேட்டார் அத்தா.

"நல்லாருக்குத்தா. ஒண்ணுமில்ல."

அவர் அவளை மேலிருந்து கீழே பார்த்தார். இடுப்பில் கொஞ்ச நேரம், இடது பாதத்தில் கொஞ்ச நேரம். விரல்கள் எதையோ உரசிப் பார்ப்பதுபோல அசைந்தன. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஜீப் டிரைவர் ஒருவர், "பாப்பாவுக்குக் கால்ல என்ன பாய்?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல. நடை நல்லாத்தான் இருக்கு" என்றார் அத்தா.

முப்பது வருடத்தில் அவர் குறையை மறைத்துச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.